டிகிரி இல்லாமல் நல்ல சம்பளம் நடக்குமா? எந்த வழி எதுவரை போகும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று ராத்திரி தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரே காட்சிதான். அப்பா போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்திருப்பார். காலேஜ் பீஸ், ஹாஸ்டல், பஸ், லேப்டாப் என்று நாலு வருஷத்துக்கும் கூட்டிப் பார்த்தால் சில லட்சம் வரும். கல்விக் கடனா, நகைக் கடனா என்று பேச்சு போகும். "எதிர் வீட்டுப் பையன் இன்ஜினீயரிங் முடிச்சுட்டு ரெண்டு வருஷமா சும்மாதானேங்க இருக்கான்" என்பார் அம்மா. "அதுக்காக டிகிரி இல்லாம விட முடியுமா? நாளைக்கு யாரு வேலை குடுப்பாங்க?" என்பார் அப்பா.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. டிகிரி இருந்தும் வேலை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். டிகிரி இல்லாததால் 30 வயதிலும் ஹெல்பர் சம்பளத்திலேயே நிற்பவர்களும் இருக்கிறார்கள். இடையில் மூன்றாவது வகை ஒன்று உண்டு: காலேஜ் வாசலை மிதிக்காமலேயே நல்ல சம்பளத்துக்குப் போனவர்கள். அவர்கள் எப்படிப் போனார்கள்? எல்லோராலும் அப்படிப் போக முடியுமா? அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும்?

எண்கள் என்ன சொல்கின்றன?

உயர்கல்வியில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கும் மாநிலம். மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களைக் கணக்கில் எடுத்தால், உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இங்கே 47 சதவீதம். இந்திய சராசரி 28.4 சதவீதம். இதில் இரண்டு சேதி இருக்கிறது. ஒன்று, டிகிரி இப்போது அபூர்வமான பொருள் இல்லை. அது இருப்பதாலேயே வேலை தேடி வராது. இன்னொன்று, இவ்வளவு முன்னேறிய மாநிலத்திலும் ஏறக்குறைய பாதிப் பேர் காலேஜுக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்கான வழியைப் பற்றித்தான் வீடுகளில் பேச்சே நடப்பதில்லை.

சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மனிதவள மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு புள்ளிவிவரம் வந்தது. 2022 கணக்கின்படி, இளம் பட்டதாரிகளில் வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடம் 3.4 சதவீதம்தான். இதை வைத்து, "பாத்தியா, படிக்காதவனுக்குத்தான் வேலை கிடைக்குது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டவர்கள் உண்டு. அது தப்பான கணக்கு. படிக்காதவர்களுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. வேலையில்லாமல் வீட்டில் உட்கார அவர்களுக்கு வசதி கிடையாது. கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார்கள்.

ஆக, டிகிரி வேண்டாம் என்று முடிவெடுப்பதால் மட்டும் சம்பளம் வந்துவிடாது. டிகிரி ஒரு முதலாளிக்கு என்ன செய்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி, "இவரை வேறு யாரோ சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்" என்ற உறுதியை அது கொடுக்கிறது. டிகிரி இல்லையென்றால் அந்த உறுதியைக் கொடுக்க வேறொரு சான்று வேண்டும். அந்தச் சான்று வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையில்தான் சம்பள வித்தியாசம் பெரிதாக விழுகிறது.

எந்த வழியையும் எடைபோட மூன்று கேள்விகள்

யூடியூபில் பார்த்த கோர்ஸோ, மாமா சொன்ன வேலையோ, எதுவானாலும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: வேலை தெரியும் என்பதை யார் சோதித்துச் சான்று தருகிறார்கள்? பயிற்சி நடத்துபவரே கொடுக்கும் கலர் சர்டிபிகேட்டுக்கும், அரசோ வெளி ஆய்வாளரோ தேர்வு வைத்துக் கொடுக்கும் சான்றுக்கும் மதிப்பு ஒன்றில்லை.

இரண்டாவது: கற்றுக்கொள்ளும் காலத்தில் காசு எந்தப் பக்கம் போகிறது? கற்பவருக்கு உதவித்தொகை வருகிறதா, கற்பவரின் பையிலிருந்து லட்சம் லட்சமாகப் போகிறதா?

மூன்றாவது: அங்கிருந்து மேலே ஏறப் படி இருக்கிறதா? ஐந்து வருஷம் கழித்தும் அதே வேலை, அதே ரேட் என்றால் அது சம்பாத்தியமாக இருக்கலாம், முன்னேற்றம் ஆகாது.

இந்தக் கேள்விகளோடு ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

ஐ.டி.ஐ: பெயர் பழசு, படி நிறைய

"ஐ.டி.ஐ-யா?" என்று உறவினர்கள் இழுக்கும் அந்த இழுப்பிலேயே பலர் இந்த வழியை விட்டுவிடுகிறார்கள். ஆனால் செலவுக் கணக்கில் இதற்கு ஈடு குறைவு. தமிழ்நாட்டில் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் ரூ.750 உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வருபவர்கள், தகுதி இருந்தால், புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000-மும் பெறலாம். பெரும்பாலான பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பு போதும். சில பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடும் சேரலாம்.

'ஐ.டி.ஐ-யில இன்னும் பழைய லேத் மெஷின்தான்' என்ற குறை நீண்ட காலமாக உண்டு. அதைச் சரிசெய்ய, டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ-களைச் சுமார் ரூ.2,877 கோடி செலவில் தமிழ்நாடு அரசு தரம் உயர்த்தியது. சி.என்.சி இயந்திரம், தொழிற்சாலை ரோபோ, மின்வாகன மெக்கானிக் போன்ற பிரிவுகள் அதில் வந்தன. சேருவதற்கு முன் அந்த நிலையத்துக்கு நேரில் போய், எந்த மெஷின் இருக்கிறது, அது ஓடுகிறதா என்று பார்ப்பது நல்லது.

முடித்ததும் எழுதும் அகில இந்தியத் தேர்வில் தேறினால் தேசிய தொழிற்சான்று கிடைக்கும். முதல் கேள்விக்கு இதுவே பதில். சான்று தருவது பயிற்சி கொடுத்தவர் இல்லை. தனியார் ஐ.டி.ஐ என்றால், அங்கே நடக்கும் குறிப்பிட்ட பிரிவுக்குத் தேசிய அல்லது மாநில தொழிற்பயிற்சிக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். போர்டில் 'ஐ.டி.ஐ' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது.

அப்ரண்டிஸ்: குறைந்த காசு, நிறைந்த அனுபவம்

ஐ.டி.ஐ முடித்தவுடன் பலர் செய்யும் தவறு, அப்ரண்டிஸ் பயிற்சியைத் தவிர்த்துவிட்டு ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கிடைக்கிறது என்று கான்ட்ராக்ட் வேலைக்குப் போவது.

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையையும் நிர்ணயித்தன. பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் ரூ.6,000, பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ சான்று இருந்தால் ரூ.7,000, டிப்ளமோவுக்கு ரூ.8,000 என்பது அந்த விதிகளில் இருந்த அளவு. இது குறைந்தபட்சம்தான்; இதைவிடக் கூடுதலாகத் தரும் கம்பெனிகளும் உண்டு.

இதில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்ல வேண்டியவை இரண்டு. அப்ரண்டிஸ் என்பவர் சட்டப்படி தொழிலாளி இல்லை, பயிற்சியாளர்தான். பயிற்சி முடிந்ததும் அதே கம்பெனி நிரந்தர வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. "அப்புறம் எதுக்குப் போகணும்?" என்றால், முடிவில் தேர்வெழுதிக் கிடைக்கும் தேசிய தொழிற்பழகுநர் சான்றுக்காக. ரயில்வே, பொதுத்துறை நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளில் 'ஐ.டி.ஐ-யுடன் அப்ரண்டிஸ் முடித்தவர்' என்ற வரி அடிக்கடி வரும். பெரிய தொழிற்சாலையில் ஒரு வருஷம் நின்று வேலை பார்த்தவர் என்பது தனியார் இன்டர்வியூவிலும் பேசும்.

ஒரே வெல்டிங், இரண்டு சம்பளம்

சான்று எப்படிச் சம்பளத்தை மாற்றுகிறது என்பதற்கு வெல்டிங் நல்ல உதாரணம். தெருமுனைப் பட்டறையில் கேட், கிரில் அடிப்பவரும் வெல்டர்தான். அனல் மின் நிலையத்தில் உயர் அழுத்த நீராவி போகும் குழாயை இணைப்பவரும் வெல்டர்தான். இருவர் கையிலும் இருப்பது ஒரே மாதிரிக் கருவி. கூலி மட்டும் வெவ்வேறு.

இடையில் நிற்பது ஒரு சோதனை. '6ஜி' என்று தொழிலில் சொல்வார்கள். 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றிலும் வெல்டிங் செய்ய வேண்டும். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் உடம்பை வளைத்து அடியில், பக்கவாட்டில், மேலே என்று போக வேண்டும். பிறகு அந்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்தோ வளைத்தோ பார்ப்பார்கள். உள்ளே சின்னக் குமிழ் அளவு மீறி இருந்தாலும் பெயில். யார் பிள்ளை, எந்த ஊர், என்ன படிப்பு என்று எக்ஸ்ரே பார்ப்பதில்லை.

பாய்லர் வேலைக்கு இதற்கு மேல் பாய்லர் ஆய்வுத் துறையின் தனித் தேர்வும் உண்டு. திருச்சியில் பெல் நிறுவனத்தையும் துவாக்குடி சுற்றுவட்டார பேப்ரிகேஷன் கம்பெனிகளையும் நம்பி வளர்ந்த தலைமுறைக்கு இது தெரிந்த கதை. அங்கே பெல் வளாகத்தில் 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இன்றும் பயிற்சி கொடுக்கிறது.

இந்தச் சான்றை ஒருமுறை வாங்கிப் பீரோவில் வைத்துவிட முடியாது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதித்தொகுப்பைத்தான் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். அதன்படி, ஒரு வெல்டர் ஆறு மாதம் அந்த முறையில் வேலை செய்யாமல் இருந்தால் மறுபடி சோதனைக்கு நிற்க வேண்டும். கை ஓடிக்கொண்டே இருந்தால்தான் சான்று உயிரோடு இருக்கும்.

எலக்ட்ரீசியன்: 'சி லைசென்ஸ்' எங்கே?

மின்வேலையில் நிலைமை இன்னும் தெளிவு. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைப்படி, பல்பு, பேன், பியூஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர்த்து, வயரிங் வேலைகளை உரிமம் பெற்ற கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வை பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த உரிமங்களைக் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம். 'எச்' என்பது வயர்மேன் உதவியாளர் சான்று. 'சி' என்பது சூப்பர்வைசர் சான்று. பெரிய கட்டடம், தொழிற்சாலை, அபார்ட்மென்ட் வேலைகளில் கையெழுத்துப் போட உரிமம் உள்ள ஆள் கட்டாயம் தேவை. அந்தக் கையெழுத்துக்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

ஸ்கூலைப் பாதியில் விட்டு, அண்ணனோடு வயரிங் வேலைக்குப் போய்க் கற்றவருக்கும் கதவு மூடியில்லை. 21 வயது நிறைந்து, ஐந்து வருஷ அனுபவம் இருந்தால், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். பத்து வருஷமாக வேலை செய்தும் இந்தத் தேர்வைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பிளம்பிங், கட்டுமானம் போன்ற மற்ற வேலைகளை அனுபவத்தில் கற்றவர்களுக்கு, ஏற்கெனவே தெரிந்த திறனைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் உண்டு.

டிகிரி இல்லாமல் ஐ.டி வேலை?

நடக்கும். ஆனால் இடம் குறைவு. ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ நிறுவனம் சுமார் இருபது ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறது. ஸோஹோ ஸ்கூல்ஸ் ஆப் லேர்னிங்கில் பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். சென்னை, தென்காசி பக்கம் இரண்டு வருஷப் பயிற்சி. கட்டணம் இல்லை, மாதம் ரூ.10,000 உதவித்தொகை உண்டு. பயிற்சிக்குப் பிறகு அந்த நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்கிறார்கள். இரண்டாவது கேள்வியில் இது முழு மார்க் வாங்குகிறது.

ஹெச்.சி.எல் நிறுவனத்தின் டெக்பீ திட்டம் வேறு மாதிரி. பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் வைத்துக்கொண்டு, வேலை பார்த்தபடியே டிகிரி படிக்க வழி செய்கிறது. இங்கே பயிற்சிக் கட்டணம், அதில் கிடைக்கும் சலுகை, எத்தனை வருஷம் வேலையில் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

'ஆறு மாசத்தில் டேட்டா சயின்டிஸ்ட்' என்று விளம்பரம் செய்யும் கோர்ஸ்கள் இந்த வரிசையில் வராது. அங்கே சோதிப்பவரும் சான்று தருபவரும் காசு வாங்குபவரும் ஒருவரே. 'வேலை உத்தரவாதம்' என்ற சொல்லுக்குக் கீழே சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். செய்துகாட்டிய வேலைதான் சான்று என்ற நிலை உள்ள துறைகளும் இருக்கின்றன. வெப் டிசைன், வீடியோ எடிட்டிங், கோடிங் போன்றவற்றில், தானே உருவாக்கிய நாலைந்து நல்ல வேலைகளைக் காட்ட முடிந்தால் டிகிரி கேட்காதவர்களும் உண்டு. ஆனால் முதல் வாய்ப்பு கிடைக்கும்வரை அந்தக் காத்திருப்பைத் தாங்க வீட்டில் வசதி வேண்டும்.

அரசு வேலை: பத்தாவது போதும், போட்டி?

டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. வி.ஏ.ஓ, இளநிலை உதவியாளர் வேலைகளுக்கு அடிப்படைச் சம்பளம் ரூ.19,500-இல் தொடங்குகிறது. 2025 ஜூலை முதல் கணக்கிடப்பட்ட 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் ரூ.30,810. வீட்டு வாடகைப்படி இதற்கு மேல். இன்டர்வியூ கிடையாது. 200 கேள்விகள், அதில் 100 தமிழ்த் தகுதித் தேர்வு. அந்தப் பகுதியில் குறைந்தபட்சம் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள்.

2025-இல் இந்தத் தேர்வு 3,935 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அதாவது ஓர் இடத்துக்கு 300 பேருக்கு மேல். அதில் டிகிரி முடித்தவர்களும் அடக்கம். எனவே இது நல்ல இலக்கு. ஆனால் இதை மட்டுமே நம்பி நாலு வருஷம் கோச்சிங் சென்டரில் கழிப்பது ஆபத்தான பந்தயம். கையில் ஒரு தொழிலோ வேலையோ வைத்துக்கொண்டு எழுதுபவர்களுக்கு, தேர்வு கைவிட்டாலும் வாழ்க்கை நிற்காது.

ஐ.டி.ஐ முடித்தவர்களுக்கு ரயில்வேயின் உதவி லோகோ பைலட் வேலை இன்னொரு பெரிய வாய்ப்பு. அடிப்படைச் சம்பளம் ரூ.19,900, அகவிலைப்படியோடு ரயில் ஓடும் தூரத்துக்கான படியும் உண்டு. இங்கே பலர் கடைசியில் தடுக்கி விழும் இடம் கண் பரிசோதனை. கண்ணாடி இல்லாமல் முழுப் பார்வை வேண்டும். லேசிக் ஆபரேஷன் செய்தவர்களை எடுப்பதில்லை. இரண்டு வருஷம் படித்துத் தேர்வில் தேறிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட, விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கண் டாக்டரைப் பார்த்துவிடலாம்.

கப்பல், துபாய்: காசு எந்தப் பக்கம் போகிறது?

"கப்பல்ல வேலை, மாசம் லட்ச ரூபாய்" என்ற பேச்சு தூத்துக்குடி, ராமநாதபுரம், சென்னை பக்கம் பழகியது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள், ஜி.பி ரேட்டிங் எனப்படும் ஆறு மாதப் பயிற்சி வழியாக வணிகக் கப்பலுக்குப் போக முடியும் என்பது உண்மை. பயிற்சி நிலையத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. பயிற்சி முடித்தும் கப்பல் கிடைக்காமல் கரையில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது அடுத்த உண்மை. அவர்களைக் குறிவைத்துத்தான் ஏஜென்ட்கள் வருகிறார்கள். கப்பலில் வேலை வாங்கித் தரக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. 'சீட்டுக்கு இவ்வளவு லட்சம்' என்று ஒருவர் கேட்டால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

வளைகுடா, மலேசியா வேலைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக ரூ.30,000-மும் ஜி.எஸ்.டி-யும்தான் வாங்கலாம் என்பது விதி. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், போகாமல் இருப்பதே மேல்.

உடனே காசு தரும் வேலைகள் எங்கே நிற்கின்றன?

ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் பிளஸ் டூ முடித்த பெண்களை ஆயிரக்கணக்கில் எடுக்கின்றன. வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஊரைவிட்டு முதன்முதலாக வெளியே வந்து சொந்தச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அசெம்பிளி லைனில் ஒரே ஸ்க்ரூவை முடுக்கும் வேலையில் மூன்றாவது கேள்விக்குப் பதில் தானாக வராது. மெஷின் பராமரிப்பு, தரப் பரிசோதனை, லைன் லீடர் என்று மாற வாய்ப்பு உண்டா, வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ படிக்கக் கம்பெனி உதவுமா என்று சேர்ந்த முதல் வருஷத்திலேயே கேட்க வேண்டும். சம்பளச் சீட்டில் கம்பெனி பெயர் இருக்கிறதா, கான்ட்ராக்டர் பெயரா என்றும் பார்க்க வேண்டும். பி.எப், இ.எஸ்.ஐ பிடிக்கிறார்கள் என்றால், அது கட்டப்படுகிறதா என்பதை அவரவர் கணக்கில் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

டெலிவரி வேலை இன்னும் வேகம். பைக் இருந்தால் இந்த வாரமே காசு. பெட்ரோல், பைக் தவணை, டயர், போனில் டேட்டா எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மைச் சம்பளம். மூன்று வருஷம் ஓட்டியவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் ரேட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. வீட்டு நெருக்கடியைச் சமாளிக்க இது உதவும். கூடவே ஒரு சான்றுக்குப் படிக்கிறாரா இல்லையா என்பதில்தான் அடுத்த ஐந்து வருஷம் இருக்கிறது.

டிகிரி கதவு மூடிவிடுமா?

மூடாது. இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ படித்தவர், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ-யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்குப் பெயர்போன கிண்டி சிபெட் போன்ற நிறுவனங்களில் பத்தாவதுக்குப் பிறகே மூன்று வருஷ டிப்ளமோ படிக்கலாம். சம்பாதிக்கத் தொடங்கியபின், சொந்தக் காசில், எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்து படிக்கும் டிகிரிக்கு மதிப்பே வேறு.

ஒரு கவனம் வேண்டும். பத்து, பன்னிரண்டு முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கும் டிகிரியைத் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏற்பதில்லை. வரிசை முக்கியம். இன்னொன்று, வங்கி கிளார்க், குரூப் 2, யு.பி.எஸ்.சி போன்றவற்றுக்கு டிகிரி கட்டாயம். அங்கேதான் போக வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன வழிகள் சுற்றுவழிதான்.

விலை என்ன?

இந்த வழிகளில் முதல் இரண்டு மூன்று வருஷம் காசு கம்மி. அதே வயதில் காலேஜ் போகும் நண்பனின் ஸ்டேட்டஸைப் பார்த்து மனசு சுருங்கும். கல்யாணப் பேச்சில் "பையன் என்ன படிச்சிருக்கான்?" என்பது சம்பளத்தைவிட முந்தி வரும் கேள்வி. உடம்பும் கணக்கில் வரும். வெல்டிங் வெளிச்சத்தில் கண், ஷிப்ட் வேலையில் தூக்கம், உயரத்தில் ஏறும் வேலையில் உயிர். ஐம்பது வயதில் இதே வேலையைச் செய்ய முடியாது. அதனால் முப்பத்தைந்துக்குள் சூப்பர்வைசர், இன்ஸ்பெக்டர், கான்ட்ராக்டர் என்று அடுத்த படிக்குப் போகத் திட்டம் வேண்டும். பாதுகாப்புக் கருவி தராத இடத்தில் சம்பளம் கூட இருந்தாலும் அது நல்ல வேலை ஆகாது.

கையெழுத்துப் போடும் முன்

• சான்று தருவது யார், வேறு ஊரில், வேறு கம்பெனியில் அது செல்லுமா என்று கேட்கவும்.

• அந்தத் தொழிலில் ஐந்து வருஷம் ஆன இரண்டு பேரிடம் பேசவும். விளம்பரத்தில் இருக்கும் சம்பளத்தைவிட அவர்கள் கைக்கு வரும் சம்பளம்தான் உண்மை.

• ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம். சரிபார்த்துத் திருப்பி வாங்கிவிடவும்.

• வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் நிறுத்திக்கொள்ளவும். ஆன்லைனில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழைக்கவும்.

• பாண்ட் இருந்தால் எத்தனை வருஷம், விலகினால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கவும்.

கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. நாலு வருஷ காலேஜ் செலவைக் கூட்டியது போலவே இன்னொரு பக்கத்தில் இதையும் கூட்டிப் பார்க்கலாம்: இரண்டு வருஷ ஐ.டி.ஐ, ஒரு வருஷ அப்ரண்டிஸ், ஒரு லைசென்ஸ் தேர்வு. ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு போகும், எவ்வளவு வரும், அங்கிருந்து அடுத்து எங்கே போகலாம் என்று எழுதலாம். இரண்டு பக்கத்தையும் பிள்ளையிடம் காட்டி, "உனக்கு எது சரிப்படும்?" என்று கேட்கலாம். சில வீடுகளில் காலேஜ் பக்கமே சரியாக வரும். சில வீடுகளில் வராது. கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால், நகையை அடகு வைத்தாலும் எதற்கு வைக்கிறோம் என்று தெரிந்து வைக்கலாம்.